இடது சீட்டுக் கிளட்ச்

நான்காம் வகுப்பு முடித்த கோடை லீவில் எங்கள் மாமாவின் காருக்கு நான்தான் கிளட்ச். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் இழுத்தால்தான் கியர் விழும். நான் விட்டால்தான் கார் நகரும். ஒருமுறை நான் தும்மியதில் நடுரோட்டில் கார் நின்றே போனது. மரக்காணத்தில் என் வயதுப் பிள்ளைகள் லீவுக்கு நண்டு பிடித்துக்கொண்டும் அடி வாங்கிக்கொண்டும் இருந்தபோது, நான் ஒரு டீசல் காரின் உறுப்பாக இருந்தேன். அந்தக் கர்வம் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சவுதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கு வானூரில் பெண் பேசி முடித்து, நிக்காஹ் நாள் மட்டும் குறிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் சவுதியில் சரக்கு இறக்கும்போது இரும்புத் தகடு ஒன்று சரிந்து அவர் இடது பாதத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து ஊர் வந்து சேர்ந்தார். நடந்தார், ஆனால் கணுக்காலுக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாது. தரையில் வைத்திருக்கிறோமா, முள்ளில் வைத்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

இவ்வளவு விவரமும் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது அம்மா எனக்குச் சொன்னது இரண்டே விஷயம்தான். மாமாவுக்குக் காலில் அடி பட்டிருக்கிறது. அதை வெளியில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

எனக்கு இது விளங்கவேயில்லை. எங்கள் ஊரில் கால் என்பது மறைக்கிற பொருளே இல்லை. என் அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவருக்குக் கொஞ்சம் உப்பளம் இருந்தது. அங்கே வேலை செய்பவர்களின் கால்களைப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறி, வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, அதன்மேல் மறுபடியும் வெடித்திருக்கும். சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் காட்டிக்கொள்வார்கள். யாருடையது மோசம் என்று போட்டி கூட நடக்கும். அப்படிப்பட்ட ஊரில் மாமா மட்டும் ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு உப்புப் பாத்தி வரப்பில் நடந்தார். கேட்டவர்களிடம் சவுதிப் பழக்கம் என்றார். ஊரும் நம்பியது. சவுதியிலிருந்து வந்தவர் எதைச் செய்தாலும் எங்கள் ஊர் நம்பும்.

வந்த கையோடு மாமா ஒரு கார் வாங்கினார். யாரோ வைத்திருந்து அலுத்துப்போன பழைய டீசல் கார். முன்சீட் பள்ளிக்கூடத்து பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். சம்பந்தி வீட்டில் டிரைவர் மாப்பிள்ளை என்றுதானே பெண் கொடுக்கிறார்கள், கார் வாசலில் நின்றால் வேறு கேள்வி வராது என்பது அம்மாவின் கணக்கு. வாங்கிய காரை வீட்டுக்கு ஓட்டி வந்தது விற்றவரின் டிரைவர். மாமா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

மாமாவின் சிக்கல் கிளட்ச். வலது கால் நன்றாக இருந்ததால் ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் குறைவில்லை. இடது காலால் கிளட்ச் பெடலை மிதித்தால் எவ்வளவு மிதித்தோம், எவ்வளவு விட்டோம் என்று காலுக்குத் தெரியாது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். கார் மூன்று முறை குதித்து, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இறங்கி வந்து "கிளட்ச் சரியில்ல" என்று அறிவித்தார்.

பாவம், கிளட்ச் உண்மையிலேயே சரியில்லைதான். அடுத்த வாரமே அது தன் பங்குக்கு உயிரை விட்டது. காரின் அடியில் எண்ணெய் தேங்கி நின்றது. பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டு எழுந்து வரமாட்டேன் என்றது. மாமா பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். பெடலுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சிறிய சிலிண்டரிலிருந்து கியர் பெட்டி வரைக்கும் மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று போனது. அதற்குள் எண்ணெய். இந்த முனையில் அமுக்கினால் எண்ணெய் ஓடிப்போய் அந்த முனையில் தள்ளும், அவ்வளவுதான் கிளட்ச் என்றார் மாமா. குழாயை விரலால் தொட்டார். பொரி மாதிரி உதிர்ந்தது. கடல்காற்றும் உப்புக்காற்றும் சேர்ந்து அரிக்கிற எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியே நிலைப்பதில்லை, குழாய் எம்மாத்திரம்.

அந்தக் காருக்குப் புதுக் குழாய் எங்கும் கிடைக்கவில்லை. கம்பெனி அந்த மாடலையே மறந்துபோயிருந்தது. புதுச்சேரியில் ஜேசிபி, டிராக்டருக்கெல்லாம் ஆயில் ஹோஸ் செய்து கொடுக்கிற கடை இருக்கிறது, அளவு கொடுத்தால் வெட்டி, இரண்டு பக்கமும் நட்டு வைத்து அழுத்திக் கொடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

புறப்படுவதற்கு முன் ஒரு நாள் மாமா என்னை அழைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். அறுவடை நடந்துகொண்டிருந்தது. வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, மேட்டில் கொட்டுகிற வேலை. நிறைந்த உப்புக்கூடையைத் தானாகத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள எவராலும் முடியாது, எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி. "கை குடு" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் வந்து கூடையின் மறுபக்கத்தைப் பிடித்து ஏற்றிவிடுவார். ஏற்றிவிட்டவருக்கு அடுத்த கூடைக்கு இன்னொருவர் வருவார். கேட்கிறவருக்கும் வெட்கமில்லை, கொடுக்கிறவருக்கும் பெருமையில்லை. நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது. மாமாவும் பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும் ஏனோ வரப்பில் உட்கார்ந்து வெயில் ஏறும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாகம் தாங்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் புதுச்சேரி போனோம். மாமா பழைய குழாயைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் அதை அளந்தார். மாமா அந்த அளவு வேண்டாம் என்று தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, அதற்கும் மேலே இன்னும் கொஞ்சம் என்றார்.

"காருக்குத்தானேப்பா? கார் என்ன தென்னமரமா ஏறப் போவுது?" என்றார் கடைக்காரர்.

மாமா சிரித்தார். கறுப்பு ஹோஸை வெட்டினார்கள். முனையில் பித்தளை நிறத்து நட்டைச் செருகி ஒரு மெஷினில் வைத்தார்கள். சத்தமே இல்லாமல் அது சுற்றிலும் இறுக்கிப் பிடித்தது. என்ன இழுத்தாலும் வராது என்று கடைக்காரர் என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். நானும் இழுத்தேன். வரவில்லை. ஆனால் என் மண்டைக்குள் இருந்தது வேறு கேள்வி. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு இவ்வளவு நீள ஹோஸ் எதற்கு? பஸ்ஸில் வீடு வரும் வரை கேட்டேன். "பொறு" என்பதற்கு மேல் மாமாவிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

வீட்டிலும் ஆளுக்கொரு யோசனை. கடைக்காரர் ஏமாற்றி மிச்சத் துண்டைத் தள்ளிவிட்டார் என்றாள் அம்மா. அத்தா சொல்லுக்குப் பதில் செயலில் இறங்கினார். உப்பளக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள் வருகிற மண்வெட்டி, சைக்கிள், பம்புசெட் சாமான் எதுவானாலும் முதலில் நல்ல தண்ணீரில் கழுவிவிடுவார்கள். இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். மாமா குளித்துவிட்டு வருவதற்குள் அத்தா புது ஹோஸின் ஒரு முனையைக் குழாயடியில் பிடித்து, உள்ளே தண்ணீர் பாய்ச்சி, பாசத்தோடு கழுவிக் கொடுத்துவிட்டார்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "மச்சான், இதுல ஊத்துற பிரேக் ஆயிலுக்கும் தண்ணிக்கும் ஆவவே ஆவாது மச்சான். உள்ள ஒரு சொட்டு இருந்தாலும் துரு புடிச்சிக்கும்" என்றார். அத்தாவுக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல தண்ணீர் கெடுதல் செய்யும் என்று அவர் வாழ்க்கையில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அப்புறம் ஹோஸைத் துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்து, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினோம். பாம்பு என்று நினைத்துக் காக்கைகள் அந்தப் பக்கமே வரவில்லை. அம்மா காயப்போட்ட கருவாடு தப்பித்தது.

ஹோஸ் காய்வதற்குள் மாமா பெடலைக் கழற்றி எறிந்தார். அதன் பின்னாலிருந்த சிலிண்டரைக் கழற்றி, முன்சீட்டின் இடது ஓரத்தில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் பதித்தார். பம்புசெட் பட்டறையில் பற்றவைத்து வாங்கி வந்த நீளமான இரும்புக் கைப்பிடியை அதோடு இணைத்தார். அங்கிருந்து கியர் பெட்டி வரைக்கும் ஹோஸ் வளைந்து போனது. ஒரு சாண் கூட மிச்சமில்லை. நீளத்துக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

"ஆனா மாமா, கைப்பிடி உங்க கைகிட்ட இல்லியே? என்கிட்ட இருக்குதே?"

"வலது கை ஸ்டியரிங்ல. இடது கை கியர்ல. மூணாவது கைக்கு நான் எங்க போறது? அதான் நீ" என்றார் மாமா.

எனக்கு உத்தியோகம் வந்தது இப்படித்தான்.

முதல் வேலை, உள்ளேயிருந்து காற்றை வெளியேற்றுவது. மாமா காருக்கு அடியில் படுத்து, கியர் பெட்டிப் பக்கம் ஒரு திருகில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கண்ணாடி பாட்டிலில் எண்ணெய்க்குள் விட்டிருந்தார். நான் மேலே. "புடி" என்றால் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் திருகைத் திறப்பார், மூடுவார். "விடு" என்றால் விட வேண்டும். பாட்டிலில் குமிழ் குமிழாக வந்தது. எண்ணெய்க்கு நடுவில் காற்று இருந்தால் நாம் இழுக்கிற இழுப்பெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், அந்த முனைக்குப் போய்ச் சேராது என்று கீழேயிருந்து குரல் வந்தது. குமிழ் நிற்கும் வரை புடி, விடு, புடி, விடு. கடைசியில் கைப்பிடி கல் மாதிரி உறுதியாக நின்றது. அதுவரை காற்று என்றால் ஒன்றுமில்லாதது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உப்பளத்து மண்ரோட்டில் பழகினோம். இழுப்பது பெரிய விஷயமில்லை. விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் நான் பட்டென்று விட, கார் துள்ளி, உப்பு சுமந்தவர்கள் கூடையோடு வரப்பில் இறங்கி ஓடினார்கள். ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்பா, கார் ஓட்றியா இல்ல ஆடு ஓட்றியா?" என்றாள். மெதுவாக, மெதுவாக, கார் லேசாக நடுங்குகிற இடம் ஒன்று வரும், அங்கே நின்று மூச்சு விட்டுவிட்டு மீதியை விட வேண்டும். அந்த இடத்தை என் கை கண்டுபிடித்த அன்று மாமா காரை நிறுத்தி என் தலையைத் தடவினார். பிறகு நாங்கள் பக்கத்து ஊரான பிரம்மதேசம் வரை போய் வந்தோம்.

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை. கல்யாணப் புடவையைக் காட்ட மறுநாள் அம்மா வானூர் போக வேண்டும். தானும் காரில் வந்து, காலைப் பற்றிப் பெண் வீட்டாரிடம் நேரில் சொல்லிவிடப் போவதாக மாமா சொன்னார்.

"நிக்காஹ் முடியட்டும்டா. அப்புறம் சொல்லிக்கலாம். இப்போ தெரிஞ்சா பொண்ண குடுக்க மாட்டாங்க."

"முடிஞ்சப்புறம் சொன்னா அதுக்குப் பேரு சொல்றதில்லக்கா. மாட்டிக்கிறது."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். யாராவது கைப்பிடியைப் பற்றிக் கேட்டால் வெளிநாட்டுக் கார்களில் இப்படித்தான் என்று சொல்ல வேண்டும், கால் என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது என்றாள். தலையாட்டினேன்.

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய், இரும்பை என்கிற ஊர் வழியாகத் திரும்பி வானூர் சேர்ந்தோம். அம்மா பின்சீட்டில் புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க துஆ ஓதினாள். அது கல்யாணத்துக்கா, என் கைத்திறமையில் நம்பிக்கையில்லாமலா என்று தெரியவில்லை. பெண் வீட்டு வாசலில் கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் போய் நின்றது. பெண்ணின் அத்தா ஓடி வந்தார். "வாங்க மாப்ள, எறங்குங்க, உள்ள வாங்க" என்றார்.

மாமா இறங்கவில்லை.

வாசல்படிக்குக் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே போக வேண்டுமென்றால் ஷூவைக் கழற்ற வேண்டும். மாமா அந்தச் செருப்புகளையே பார்த்தார். பிறகு, இன்ஜின் சூடாகிவிட்டது, கொஞ்சம் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றார். முந்தின நாள் அம்மாவிடம் அவ்வளவு வீராப்பாகப் பேசியவர் வியர்த்து வழிந்துகொண்டு சீட்டிலேயே இருந்தார். டீயைக் காருக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அம்மா கூடத்தில் புடவையை விரித்தாள். என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டது கல்யாணப் பெண். கையில் முறுக்கு கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார்.

"அவரு ஏன் எறங்கல?"

"இன்ஜின் சூடு."

"வரும்போது நீ ஏதோ புடிச்சி இழுத்தியே, அது என்னது?"

என் உத்தியோகத்தைப் பற்றி முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். வெளிநாட்டுக் கார் என்று ஆரம்பித்தேன், ஆனால் அது எனக்கே ருசிக்கவில்லை. ஹோஸ், நட்டு, குமிழ், நடுங்குகிற இடம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உப்பளத்தில் நிறைந்த கூடையை யாரும் தனியாகத் தூக்கிக்கொள்ள முடியாது, கை கொடுக்க வேண்டும், அது மாதிரித்தான் இதுவும் என்று விளக்கினேன். கால் என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

"கிளட்ச் காலுக்குத்தானே இருக்கும்? எங்க அண்ணன் வேன்ல அப்படித்தான் இருக்குது" என்றார் அவர்.

நான் முறுக்கை வாய் நிறைய அடைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். காருக்குள் டீ டம்ளரோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மாமாவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி, சொல்ல வேணாம். அந்தக் கைப்பிடி பளுவா இருக்குமா?"

"இல்ல. விடும்போதுதான் மெதுவா விடணும்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுப்பது மாதிரி செய்து, மெதுவாக விரல்களைத் தளர்த்தினார். "இப்படியா?"

"இன்னும் மெதுவா."

மறுபடியும் செய்தார். இந்த முறை சரியாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமாகிட்ட போய் நான் சொன்னேன்னு சொல்லு. கை குடுக்க நான் கத்துக்கறேன்னு. அவருகிட்ட மட்டும்."

காருக்கு வந்து என் இடத்தில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வீட்டுக்குள் இன்னும் வந்து சேரவேயில்லை, அதற்குள் என் வேலையைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார்.

"அந்தக்கா என் வேலையைக் கேக்கறாங்க. கை குடுக்க அவங்க கத்துக்கறாங்களாம்."

"என்ன சொன்னா? அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். கம்பியைப் பிடித்துப் பார்த்ததையும் சொன்னேன். மாமா டம்ளரை டேஷ்போர்டில் வைத்தார். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் யாருமில்லை. கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து, குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸையும் கழற்றினார். ஷூவைச் செருப்புகளோடு வரிசையாக வைத்துவிட்டு, தழும்பேறிய அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்து உள்ளே போனார். கூடத்தில் அம்மா விரித்த புடவையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தது வாசல் வழியாகத் தெரிந்தது.

உள்ளே பெண்ணின் அத்தா குரல் ஒருமுறை உயர்ந்தது. பிறகு மாமாவின் குரல். அப்புறம் ஒரு பெண் குரல், நான்கைந்து வார்த்தைதான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வெளியே வந்தவர் பெண்ணின் அத்தாதான். காரைச் சுற்றி வந்து, என் கைப்பிடியைக் குனிந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா புடிச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நிக்காஹ் வானூரிலேயே நடந்தது. முடிந்து மரக்காணம் திரும்பும்போது, சரிகைப் புடவையும் மல்லிகைப் பூவுமாக மாமி வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். என்னைப் பின்சீட்டில் அம்மாவுக்கும் அத்தாவுக்கும் நடுவில் தள்ளினார்கள். துள்ளட்டும், நடுத்தெருவில் நிற்கட்டும், என்னைக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். மாமா "புடி" என்றார். வளையல் குலுங்கியது. "விடு" என்றார். கார் நடுங்குகிற இடத்தில் நின்று, ஒரு மூச்சு விட்டு, வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

என்னால் அடக்க முடியவில்லை. விசும்பி விசும்பி அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என் வேலை போனதற்கு அம்மா இவ்வளவு வருத்தப்படுவாள் என்று நான் நினைக்கவேயில்லை.